பாலாற்று மணலில் ஒரு கூடாரம்

பாலைவனத்தில் குடும்பத்தோடு கூடாரம் அடித்து ஓர் இரவு தங்க வேண்டும் என்கிற ஆசை இப்போது பல வீடுகளில் இருக்கிறது. அதற்காக ஜெய்சால்மர் வரை ரயிலேறிப் போய், சாம் மணல்மேட்டில் ஒட்டகச் சவாரி செய்து, நட்சத்திரம் பார்த்துத் திரும்புகிறார்கள். நல்ல பயணம்தான். ஆனால் பாலைவனம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குக் காட்ட நினைக்கும் தமிழ்க் குடும்பம் முதலில் போக வேண்டிய இடம் வாணியம்பாடிக்கும் ஆற்காட்டுக்கும் இடையே கிடக்கும் பாலாற்றங்கரை என்றே சொல்வேன். பாலையைத் தனி நிலமாகச் சிலப்பதிகாரம் எண்ணவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வளம் கெட்டுத் திரிந்த நிலையைத்தான் அது பாலை என்கிறது. நிலம் எப்படித் திரிகிறது என்பதைத் தார் பாலைவனத்தில் பார்க்க முடியாது. அது நமக்கு வெகுகாலம் முன்பே அப்படி ஆகிவிட்டது. பாலாற்றில் பார்க்கலாம். இங்கே அது நடந்துகொண்டிருக்கிறது.

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில் வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி என்று ஊர்கள் வரிசையாக வரும். ஆறும் கூடவே வரும். நந்தி மலையில் பிறந்து கர்நாடகத்தையும் ஆந்திரத்தையும் கடந்து, தமிழ்நாட்டுக்குள் மட்டும் 222 கிலோமீட்டர் போய், வயலூர் அருகே கடலைத் தொடுகிற ஆறு. ஆண்டின் பெரும்பகுதி அதில் தண்ணீரைக் காண முடியாது. கரையிலிருந்து கரைவரை மணல், நடுநடுவே நாணல், சீமைக்கருவேலம். வெயிலில் கண் கூசும். முதல் பார்வைக்கு இது பாலைவனமேதான். ஆனால் மேலே காய்ந்த ஆறு அடியிலும் காய்ந்துவிடுவதில்லை. மழைக்காலத்து நீரை மணல் உள்வாங்கி வைத்துக்கொள்கிறது. அது மணலுக்கடியில் மெல்ல நகர்கிறது. ஆற்றில் ஊற்றுத் தோண்டிக் குடித்த ஊர்கள் இவை. ஊற்றுநீரைக் கால்வாய் வெட்டிக் கழனிக்குக் கொண்டுபோன ஊர்கள். ஆற்றுக்குள் இறக்கிய கிணறுகளை நம்பித்தான் கரையோர நகரங்களுக்குக் குடிநீர்த் திட்டங்கள் போட்டார்கள். மணலை லாரி லாரியாக அள்ளியபோது கட்டுமானப் பொருள் மட்டும் போகவில்லை. நீரைப் பிடித்து வைத்திருந்த கொள்கலமும் சேர்ந்து போனது.

ராஜஸ்தானில் குயி என்று ஒருவகைக் கிணறு உண்டு. மணலில் ஒட்டியிருக்கும் ஈரம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து சேர்வதற்காக, ஓர் ஆள் இறங்கும் அளவுக்குக் குறுகலாக வெட்டியது. அடியில் கிடக்கும் உப்புநீரோடு அந்த நல்ல நீர் கலந்துவிடாதபடி கண்ணும் கருத்துமாகக் காப்பார்கள். தண்ணீர் இல்லாத ஊரில் அவ்வளவு காவல். பாலாற்றிலோ, தோண்டினால் தண்ணீர் கிடைத்த இடத்தில் உப்பை நாமே இறக்கினோம். கரையோரத் தோல் பதனிடும் ஆலைகளுக்குப் பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டுத்தான் வரும். பதனிடுவதற்கு முன் ஊறவைக்கும்போது அந்த உப்பெல்லாம் கழிவுநீரில் இறங்கிவிடும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட காலம் போய்க் குரோமியம் பரவியதும் அதுவும் சேர்ந்துகொண்டது. தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாமல் போனதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கணித்ததை உச்சநீதிமன்றமே தன் தீர்ப்பில் எடுத்துக்காட்டியது.

தோல் தொழில் இல்லையென்றால் ஆம்பூர் ஏது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. விடிகாலையில் சுற்றுக் கிராமங்களிலிருந்து ஷூ கம்பெனிகளுக்கு வந்திறங்கும் பெண்களைப் பார்த்தவர்கள் அதைத் தட்டிப் பேச மாட்டார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பும் இந்தத் தொழில் தரும் வேலையையும் அந்நியச் செலாவணியையும் ஒப்புக்கொண்டுதான் பேசியது. ஒப்புக்கொண்ட பிறகே, கெடுத்தவரே சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்றது. ஆகவே வேலையா ஆறா என்பதல்ல வழக்கு. ஆற்றின் செலவை யார் கணக்கில் எழுதுவது என்பதே. இதுவரை அதை எழுதியிருப்பது உழவர்கள் கணக்கில். 2025 ஜனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் இழப்பீட்டையும் ஆற்றைச் சீர்படுத்துவதையும் பற்றி மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது என்றால், 28 ஆண்டுகளுக்குப் பிறகும் எவ்வளவு மிச்சம் கிடக்கிறது என்று பாருங்கள்.

விடுமுறைக்குப் போகிற பிள்ளைகளுக்கு இந்தத் துயரம் எதற்கு என்பது இன்னொரு மறுப்பு. பிள்ளைகளுக்கு மணல் என்றாலே கொண்டாட்டம். ஓடுவார்கள், புரளுவார்கள், குழி தோண்டுவார்கள். ஈரம் தட்டும்போது கத்துவார்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்காதே என்று சொல்ல நேரும் அல்லவா, அப்போது ஏன் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி பிறப்பதற்காகவாவது போக வேண்டும். குடிக்கிற தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள்.

ஆபத்து இல்லையா என்றால், உண்டு. 1903 நவம்பரில் ஆற்றின் மேல்பகுதியில் பேத்தமங்கலம் ஏரி உடைந்து வாணியம்பாடியில் பலர் மாண்டார்கள். 2021 நவம்பரிலும் இதே ஆறு இருகரை தொட்டு ஓடியது. எனவே வடகிழக்குப் பருவத்தில் இந்தப் பக்கம் கூடாரம் வேண்டாம். பிப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள். அதற்குப் பின் வேலூர் வெயில் பிள்ளைகளுக்கு ஆகாது. பகலில் மணலில் இருங்கள், படுக்கை எப்போதும் மேட்டில் இருக்கட்டும். நட்சத்திரத்துக்கு ஏலகிரி ஏறலாம். இன்னும் இருட்டான வானம் வேண்டுமென்றால் வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம். 1977ல் யுரேனஸின் வளையங்களைப் பிடித்த அவதானிப்புகளில் ஒன்று அங்கிருந்துதான் செய்யப்பட்டது. 1986 முதல் இரண்டே கால் மீட்டருக்கும் மேல் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி அங்கே இயங்குகிறது. பார்வையாளர் நேரத்தை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள்.