அந்தத் தண்டலின் காதலுக்கு யார் படம் எடுப்பது?

தலைவர் அவர்களே, இந்தக் குளிரிலும் கம்பளியைப் போர்த்திக்கிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, சுவரில் சாய்ஞ்சு நின்னு இவர் எப்போ முடிப்பார்னு பார்த்துக்கிட்டிருக்கிற தம்பிமார்களே, வணக்கம்.

'இலக்கியமும் திரைப்படமும்'னு தலைப்பு கொடுத்திருக்காங்க. கடல் மாதிரி தலைப்பு. நான் ஒரே ஒரு படத்தைத்தான் எடுத்துக்கப் போறேன். நம்ம கேமரன் மலையில நடக்கிற கதை. 2020 ஜனவரியில தியேட்டருக்கு வந்துச்சு, மார்ச்சுல கொரோனா வந்து நாட்டையே பூட்டிட்டாங்க. 'தி கார்டன் ஆஃப் ஈவ்னிங் மிஸ்ட்ஸ்'. பார்த்தவங்க கையைத் தூக்குங்க. நாலு கை. அதுல ரெண்டு, தலை சொறியத் தூக்கின கை!

பினாங்குல பிறந்த தான் துவான் எங் எழுதின நாவல் அது. 2012-ல புக்கர் பரிசோட இறுதிப் பட்டியல் வரைக்கும் போச்சு. தைவான்காரர் டாம் லின் படமா எடுத்தார். கதாநாயகி லீ சின் ஜே, நம்ம கெடா பொண்ணு. கதாநாயகன் ஜப்பான் நடிகர் ஹிரோஷி அபே. தைவானோட கோல்டன் ஹார்ஸ் விருதுக்கு 9 பிரிவுல பரிந்துரை வாங்கின படம். நாம என்ன பண்ணோம்? அந்த மாசம் சென்னையிலிருந்து வந்த பொங்கல் படத்துக்கு ஈப்போ வரைக்கும் வேன் பிடிச்சுப் போனோம்!

கதை என்ன? 1951. நாட்டுல அவசரகாலம், காட்டுக்குள்ள கம்யூனிஸ்ட்டுகள். யுன் லிங்னு ஒரு சீனப் பெண் இந்த மலைக்கு ஏறி வர்றா. ஜப்பான்காரன் முகாம்ல அடைபட்டு உயிர் பிழைச்சவ. கூட இருந்த அக்கா பிழைக்கல. அக்காவுக்கு ஜப்பானியத் தோட்டம்னா உயிர். அவ நினைவா ஒரு தோட்டம் போடணும். அதுக்கு யார்கிட்ட போய் நிக்கறா? அரிதோமோங்கிற ஜப்பான்காரர்கிட்ட. ஒரு காலத்துல ஜப்பான் சக்கரவர்த்தியோட தோட்டக்காரர். அவர் போட்டுத் தர மாட்டேங்கிறார். பருவமழை வரைக்கும் கூட இருந்து வேலை கத்துக்கோ, நீயே போட்டுக்கோங்கிறார். கல்லைத் தூக்கறா, மண்ணைச் சுமக்கறா. யாரை வெறுக்க வந்தாளோ அவர் மேலயே மனசு போயிடுது. அப்புறம் முதுகுல பச்சை குத்தற காட்சி ஒண்ணு வருது. தாய்மார்கள் இருக்காங்க, அதை விட்டுடறேன்.

கடைசியில அரிதோமோ காட்டுக்குள்ள நடக்கப் போறார், திரும்பி வரல. நம்ம மலைக்கு இது புதுசா? 1967 ஈஸ்டர் ஞாயித்துக்கிழமை, தாய்லாந்துப் பட்டு வியாபாரி ஜிம் தாம்சன் இங்க மூன்லைட் பங்களாவிலிருந்து உலாத்தக் கிளம்பினவர்தான். இன்னிக்கு வரைக்கும் தகவல் இல்ல.

படத்தை மூணு தரம் பார்த்தேன். அழகான படம், கொஞ்சம் அளவுக்கு மீறியே அழகு. மழையில நனைஞ்சாலும் யாருக்கும் சளி பிடிக்க மாட்டேங்குது! ஆனா அடிமடியில கைவைக்கிற கேள்வி ஒண்ணு கேட்குது: அக்காவைக் கொன்ன நாட்டு ஆளை ஒருத்தி நேசிக்க முடியுமா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நம்மை விடத் தகுதி யாருக்கு இருக்கு? 415 கிலோமீட்டர் சயாம் ரயில் பாதை, 1942-லிருந்து 43 வரைக்கும். மலாயாவிலிருந்து 70,000 பேருக்கு மேல ஜப்பான்காரன் அதுக்குக் கொண்டு போனான். பெரும்பாலும் யாரு? தீம்பாருல ரப்பர்ப் பால் வெட்டின தமிழன். அங்க செத்த வெள்ளைக்காரக் கைதிக்குப் படம் இருக்கு, விசில் பாட்டு இருக்கு. நமக்கு?

ஒரு தண்டல் இருந்தார், தோட்டத்து ஆட்களுக்கு மேஸ்திரி. பேரைச் சொல்ல மாட்டேன், குடும்பத்துக்குப் பிடிக்காது. தாப்பா பக்கத்துத் தீம்பாருல இருந்து சயாமுக்குப் பிடிச்சுட்டுப் போனாங்க. உயிரோட வந்தார். உயிர்க் கூட்டாளி வரல. கூட்டாளி பொண்டாட்டிகிட்ட சேதி சொல்லணுமே, அவ லயத்து வாசல்ல போய் நின்னாராம். வாய் வரல. அவளே புரிஞ்சுக்கிட்டு உள்ள போயிட்டா. அதுக்கப்புறம் சம்பள நாள் தவறாம பாதிச் சம்பளம் அந்த வாசப்படியில. படி ஏறல. ரெண்டு வருஷம் கழிச்சு அவதான் கேட்டா: "படியில வச்சுட்டுப் போறீங்களே, நான் என்ன பிச்சைக்காரியா? உள்ள வந்து குடுங்க."

தட்டுங்க! அந்த அம்மாவுக்குத் தட்டுங்க!

வேற சாதி, விதவை. லயத்துல பேசாத வாய் இல்ல. கோயில்ல மாலை மாத்த விடல. விடிகாலைப் பெரட்டுல, ஆள் கணக்கெடுக்கிற களத்துலயே மாலை மாத்திக்கிட்டு மலையேறி வந்துட்டாங்க, கொழுந்து எடுக்க. இதுல காதல் இல்லையா? இதை எடுக்க தைவான்லருந்துதான் ஆள் வரணுமா?

இங்க ஒண்ணு சொல்லியாகணும். கீழே பட்டணத்துல ஒரு கூட்டம் இருக்கு. வருஷா வருஷம் நட்சத்திர இரவு. மேசைக்கு ஆயிரக்கணக்குல வெள்ளி. சென்னையிலிருந்து ஒருத்தர் வருவார், "மலேசியான்னாலே எனக்கு ரெண்டாவது தாய்வீடு" என்பார், சிங்கப்பூர் போய் அங்கேயும் அதையே சொல்லுவார்! நம்ம பையன் கதையைத் தூக்கிட்டுப் போனா, "தம்பி, மார்க்கெட் இல்ல"ம்பாங்க. ஷாஞ்சே குமார் பெருமாள் 2015-ல 'ஜகாட்' எடுத்தார். 2016 திரைப்பட விழாவில முதல்ல மலாய் அல்லாத மொழிப் படம்னு ஒதுக்கி வச்சாங்க. ஊரே கொதிச்சுது. பிரிவையே எடுத்தாங்க. சிறந்த மலேசியப் படம் எது? 'ஜகாட்'! சிறந்த புதுமுக இயக்குநர் யாரு? நம்ம பையன்! அன்னிக்கு இந்த மேசைக்காரங்க எங்க இருந்தாங்க? விருது வாங்கின மறுநாள் மாலையோட வந்தாங்கய்யா!

எங்க விட்டேன்? தண்டல். எண்பதுகள்ல ஜப்பான் சுற்றுலாக்காரங்க பஸ்ஸுல இங்க வந்தாங்க. கூடையோட நின்ன இவரைப் படம் பிடிச்சாங்க. இவர் சும்மா இருக்காம "இச்சி, நி, சான்"னு ஆரம்பிச்சார். அவங்களுக்கு ஒரே சந்தோஷம், கைதட்டறாங்க. இவர் நிறுத்தல. முப்பத்தெட்டு வரைக்கும் எண்ணித்தான் நிறுத்தினார். சயாமுல அவர் கூட்டத்துக்குத் தினமும் அத்தனை எண்ணிக்கை. கூட்டத்துல ஒரு ஜப்பான் கிழவர் மட்டும் தட்டல. கிட்ட வந்து குனிஞ்சு வணங்கினார். தண்டல் அவரைக் கூட்டிட்டுப் போய் வீட்டுல தேத்தண்ணி குடுத்தார். ஊத்திக் கொடுத்தது யாரு? அந்த அம்மா. முதல் புருஷனைச் சயாமுக்குப் பறிகொடுத்தவங்க.

தலைவர் மணியைப் பார்க்கிறார். பார்க்கட்டும். தம்பிகளா, உங்க கைப்பேசியில டிக்டாக் எடுக்கத் தெரியுதில்ல? அந்த அம்மாவை அறிஞ்சவங்க இன்னும் பிரிஞ்சாங்குலயும் ரிங்லெட்டுலயும் இருக்காங்க. இந்த ஞாயித்துக்கிழமையே போய்ப் பேச வச்சுப் பதிவு பண்ணுங்க. பெட்ரோல் காசு என்னுது. மேசைக்காரங்ககிட்ட மட்டும் கேட்டுடாதீங்க!