தாமரை இலையும் சேம்பிலையும்



இன்று நாம் பேசப்போவது இலையின் மேலிருக்கும் மெழுகைப் பற்றியாகும். மெழுகைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு கூட்டமா என்று சிலர் சிரிக்கலாம். சிரித்துவிட்டே கேளுங்கள்.

நாம் சிறுபிள்ளையாய் இருந்தபோது காலட்சேபம் செய்த ஒரு சாஸ்திரியார், தாமரை தெய்வ மலர் ஆனதால்தான் அதன் இலையில் தண்ணீரும் அழுக்கும் ஒட்டுவதில்லை என்றார். நாமும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். வீட்டுக்கு வந்து பார்த்தால், கொல்லைச் சாக்கடை ஓரத்துச் சேம்பிலையிலும் தண்ணீர் அப்படியேதான் உருண்டோடிற்று! சேம்பிலையின் மேல் எந்தத் தெய்வம் உட்கார்ந்திருக்கிறது? அன்று கேட்கத் துணிவில்லை; இன்று கேட்கிறோம்.

உண்மை என்ன? இலை, இளந்தண்டு, காய் இவைகளின் மேல் கியூட்டின் என்னும் பொருளும் மெழுகும் சேர்ந்த ஒரு படலம் இருக்கிறது. அநேக இலைகளில் அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இராது. அதை யாரும் மேலிருந்து பூசவில்லை. இலையின் மேல்தோல் அணுக்களே உண்டாக்கிக் கொள்ளுகின்றன.

எதற்காக? செடி வேரால் குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு இலையிலுள்ள நுண்ணிய துவாரங்கள் வழியாக ஆவியாய்ப் போய்விடுகிறது. தண்ணீர் குறைந்தால் செடி அத்துவாரங்களை மூடிக்கொள்ளும். ஆனால் மெழுகுப் படலம் இல்லாவிட்டால் அப்படி மூடி என்ன பயன்? கூரையில்லாத வீட்டுக்குக் கதவைப் பூட்டின கதைதான்! 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே செடிகள் தண்ணீரை விட்டுத் தரையேறிப் பிழைத்ததற்கு இப்படலமும் ஒரு முக்கிய காரணமாகும். பிரேசில் நாட்டின் வறண்ட வடகிழக்கில் வளரும் கார்னவுபா என்னும் பனையின் ஓலையில் படியும் மெழுகை எடுத்து, பாலிஷ் செய்ய உலகமெங்கும் விற்கிறார்கள்.

தாமரையின் சங்கதியையும் ஜெர்மனியில் பார்த்லாட், நெயின்ஹுயிஸ் என்னும் இருவர் ஆராய்ந்து 1997-இல் வெளியிட்டார்கள். அவ்விலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத சிறு மேடுகள், மேடுகளின் மேல் மெழுகுத் துணுக்குகள், இடையிலே காற்று. தண்ணீர்த் துளி மேட்டின் நுனியை மட்டுமே தொடுவதால் உருண்டு விழுகிறது; விழும்போது தூசியையும் அள்ளிக்கொண்டு போகிறது. தாமரை மூச்சுவிடும் துவாரங்கள் இலையின் மேற்புறத்தில் இருப்பதால், அங்கே தண்ணீர் தேங்காதது அதற்கு நன்மை. இதைப் பார்த்து, அழுக்கு ஒட்டாத சுவர்ப் பூச்சும் செய்துவிட்டார்கள். மேல்நாட்டான் இலையை ஆராய்ந்து பூச்சு கண்டான். நாமோ இலையைக் கும்பிட்டு என்ன கண்டோம்?

விவசாயத் தோழர்கள் இதைக் கவனிக்கவேண்டும். நெல், கோசு முதலியவைகளின் இலையில் வெறும் தண்ணீரில் கலந்த மருந்தைத் தெளித்தால், அது மெழுகின்மேல் உருண்டு மண்ணில் விழுந்துவிடும். வேப்பெண்ணெயைத் தெளிக்கையில் சோப்பு கலக்கச் சொல்வதும், எண்ணெய் தண்ணீரோடு கலந்து இலையிலும் படியவேண்டும் என்பதற்காகத்தான். இதை அறியாதவன் காசையும் மருந்தையும் தொலைத்துவிட்டு, "என் கிரகம் சரியில்லை" என்று ஜோசியனிடம் போய் மிச்சக் காசையும் கொடுக்கிறான்!

ஆகவே தோழர்களே, நாம் சொல்வதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். நாளைக் காலையில் ஒரு சேம்பிலையைப் பறித்து, அதில் பாதியை விரலால் அழுத்தித் தேய்த்துவிட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தேய்த்த பாதியில் தண்ணீர் ஒட்டும். தேய்க்காத பாதியில் ஓடும். விரலால் தேய்த்தால் போய்விடுகிற தெய்வீகம் எப்படிப்பட்டது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.