கடன் கொப்பியும் விலைச் சீட்டும்

(உடப்புசல்லாவையில் தோட்ட மக்கள் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பொதுமேடையில் பருப்புக்கும் கருவாட்டுக்கும் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். உலையில் விழும் அரிசியின் அளவை முடிவுசெய்வது அரசியல்தான் என்றால், கடையைப் பற்றிப் பேசாத அரசியல் அரைகுறை அரசியலே ஆகும்.

நாம் சிறுவராயிருந்தது 1970களின் முற்பகுதி. சம்பள நாளன்று தந்தையாரின் பின்னே மலைப்பாதையில் இறங்கிக் கடைவீதிக்குச் செல்வோம். கருவாட்டு வாடையும் மண்ணெண்ணெய் வாடையும் வாசலிலேயே எதிர்கொள்ளும். சாக்குகளுக்குப் பின்னால் முதலாளி. அவர் முன்னே தராசு. தராசின் அருகே கடன் கொப்பி! இறாத்தல் கணக்கில் சீனி, அவுன்ஸ் கணக்கில் மிளகாய்த்தூள், போத்தல் கணக்கில் மண்ணெண்ணெய், யாவும் அதில் ஏறும். எழுத்தறியாத தந்தையார், சொன்ன தொகையைக் கொடுப்பார்; மிச்சத்தைப் பாக்கியென்று எழுதச் சொல்வார்.

எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றிருந்த நாம் ஒருநாள் கொப்பியை எட்டிப் பார்த்து, "அப்பா, வாங்காத பருப்பு எழுதியிருக்கே!" என்றோம். தந்தையார் சட்டென்று நம் வாயைப் பொத்தினார். நியாயம் கேட்டால் நாளைக்கு மா கிடைக்காதே! அந்தக் கை நடுங்கியதை இன்றும் மறந்தோமில்லை.

ஆயினும் உண்மையை ஒளிக்கலாகாது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் கூப்பன் அரிசி குறைந்தது. மாவின் விலை ஏறியது. தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. அந்நாளில் நமக்கு அரை இறாத்தல் மாவைக் கடனாக நிறுத்துத் தந்தவரும் அதே முதலாளிதான். பொய்க்கணக்கு எழுதிய கையே நம் உயிரையும் காத்தது! சம்பளம் போதாத இடத்தில் கடன் முளைக்கும். கடன் முளைத்த இடத்தில் வாய் மூடும். நோய் கொப்பியில் தெரிந்தது. அதன் வேரோ சம்பளத்தில் இருந்தது.

காலம் மாறிற்று. 1977க்குப் பின் திறந்த பொருளாதாரம் வந்தது. 1983இல் கார்கில்ஸ் நிறுவனத்தார் கொழும்பு ஸ்டேபிள் வீதியில் தம் முதலாவது 'புட் சிட்டி'யைத் திறந்தனர். பின்னர் நுவரெலியாவிலும் அத்தகைய அங்காடிகள் வந்தன. அன்னையாரை முதன்முதல் அங்கே அழைத்துச் சென்றபோது, வெறுங்கூடையுடன் தயங்கி நின்றார். "நாமளே எடுக்கலாமா? ஏச மாட்டாங்களா?" என்று கேட்டார். வெளியே வந்ததும் அச்சிட்ட சீட்டை வரிவரியாக வாசித்துக் காட்டினோம். கணக்குச் சரியாக இருந்தது. அன்னையார் அச்சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

ஆனால் தோழர்களே, அந்தக் கடையில் பாக்கி எழுத இடமில்லை! 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவென வர்த்தமானி அறிவித்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 விழுக்காடு! ஏறிய சம்பளத்தை விலைவாசி விழுங்கிற்று. காசில்லாதவன் கண்ணாடிக் கதவைத் திறந்து யாது பயன்? லயத்தருகேயுள்ள சிறுகடையின் கொப்பியைத்தானே அவன் மீண்டும் தேடவேண்டும்?

ஆகவே பழைய கடையைப் போற்றிப் பாடவும் வேண்டாம். புதிய கடையைக் கண்டு மயங்கவும் வேண்டாம். விலை ஏறும்போது சம்பளமும் ஏறட்டும்! தொழிலாளரே கணக்குப் பார்க்கும் கூட்டுறவுக் கடை தோட்டந்தோறும் எழட்டும்! கொப்பியைப் படித்துக் கேள்வி கேட்கும் பிள்ளையின் வாயை எந்தத் தந்தையும் பொத்த வேண்டாத நாளே நமக்கு விடுதலை நாள்!