பில்லி சூனியமும் நம் விசுவாசமும்

(யூபிலி ஆயத்த நாட்களின் இரண்டாம் மாலை, கோவில் வளாகத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



நேற்று மாலை நம் கோவில் எழும்பிய வரலாற்றைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டோம். கல் சுமந்தவர் யார், சுண்ணாம்பு அரைத்தவர் யார் என்றெல்லாம் கேட்டு மகிழ்ந்தோம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அவ்வளவு இனிப்பானதல்ல. விழாக் குழுவினர், "ஜெபமாலையைப் பற்றிப் பேசுங்கள் சாமி" என்றனர். அதற்கு அக்டோபர் மாதம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பில்லி சூனியத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

இப்பங்கில் பொறுப்பேற்ற நாள் முதல் வீடு மந்திரிக்கப் போன இடங்களில் நாம் கண்டதைச் சொல்லலாமா? வாசல் நிலைக்கு மேலே பாடுபட்ட சுரூபம். அதே ஆணியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும். குழந்தையின் கழுத்தில் மாதா பதக்கம், இடுப்பில் தாயத்து. ஞாயிறு பூசை, செவ்வாய் அந்தோனியார் நவநாள், வெள்ளி இரவு பக்கத்து ஊர்க் கோடாங்கி. யாராவது ஒருவர் காப்பாற்றினால் சரி என்ற கணக்கு! இதைப் பார்த்து நாம் சிரிக்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்காத இரவில் தாய் எந்தக் கதவைத்தான் தட்டமாட்டாள்?

"சாமி, நீங்கள் சூனியத்தை நம்புகிறீர்களா, இல்லையா?" என்று நம் இளைஞர் ஒருவர் நேரடியாகவே கேட்டார். நேரடியாகவே பதில் சொல்கிறோம். பசாசு உண்டு என்று திருச்சபை போதிக்கிறது. நாமும் அதை விசுவசிக்கிறோம். ஆனால் ஒருவன் பணம் வாங்கிக்கொண்டு, காலடி மண்ணையும் தலைமுடியையும் செப்புத் தகட்டில் சுற்றிப் புதைத்துவிட்டு, அடுத்த வீட்டுப் பிள்ளையின் உயிரை எடுக்க முடியும் என்பதை நாம் நம்பவில்லை. இது நமது சொந்தத் தீர்மானம். குருக்கள் எல்லாரும் இதே அளவுக்குப் பேசுவார்கள் என்று சொல்லமாட்டோம். நாமும் தொடக்கத்தில் இப்படிப் பேசியவரல்லர். அதைப் பின்னால் சொல்கிறோம்.

குறி கேட்பதையும் மந்திரம் செய்வதையும் இணைச்சட்ட நூலின் 18ஆம் அதிகாரம் விலக்குகிறது. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2117ஆம் எண்ணில், உடல்நலம் பெறுவதற்காகக்கூட மந்திர தந்திரத்தை நாடுவது பெரும் தவறு என்கிறது. "நல்லதுக்குத்தானே சாமி போனோம்" என்று பாவசங்கீர்த்தனத்தில் சொல்வோர் இதைக் கவனிக்க வேண்டும். திருத்தூதர் பணிகள் 19ஆம் அதிகாரத்தில் எபேசு நகரத்தார் தங்கள் மந்திர நூல்களைக் கொண்டுவந்து எரிக்கிறார்கள். அவற்றின் விலை 50,000 வெள்ளிக்காசு. தங்கள் பழைய செய்கைகளை அறிக்கையிட்டவர்கள் யார் என்று படித்துப் பாருங்கள். அவர்கள் ஏற்கெனவே விசுவாசிகளானவர்கள். ஞானஸ்நானம் பெற்ற பின்னும் வீட்டுப் பெட்டிக்குள் அந்தச் சுருள்கள் இருந்திருக்கின்றன, நம் வீட்டுத் தாயத்துப்போல.

இந்த விஷயத்தில் திருச்சபையின் மக்களும், ஏன், குருக்களும்கூடப் பெரும் பிழை செய்ததுண்டு. குருமடத்தில் இதை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். பிற்பாடு நாமாகவே படித்தோம். ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டு வரை சூனியக்காரர் என்று கொல்லப்பட்டோர் 40,000 முதல் 60,000 பேர் இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. பெரும்பாலோர் பெண்கள். கத்தோலிக்க நாடுகளிலும் இது நடந்தது, புராட்டஸ்டாண்டு நாடுகளிலும் நடந்தது.

அந்த இருளில் ஒரு மனிதரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஸ்பெயின் நாட்டில் லோக்ரோஞோ என்னும் நகரில், 1610ஆம் ஆண்டு நவம்பர் மாதம், சூனியக் குற்றத்திற்காக ஆறு பேர் உயிரோடு எரிக்கப்பட்டனர். சிறையிலேயே இறந்துவிட்ட ஐவரின் உருவங்களையும் சேர்த்து எரித்தார்கள். அந்த விசாரணை மன்றத்தின் நீதிபதிகள் மூவருள் ஒருவர் அலோன்சோ தே சலசார் என்ற குரு. மறு ஆண்டு அவர் மலை கிராமங்களுக்குத் தாமே புறப்பட்டுப் போனார். சுமார் எட்டு மாதம் ஊர் ஊராகச் சென்றார். 1,802 பேர் அவர்முன் வந்து, "ஆம், நாங்கள் சூனியம் செய்தோம்" என்று ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் 1,384 பேர் சிறுபிள்ளைகள்! சலசார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வந்துவிடவில்லை. மந்திரக் களிம்பு என்று கொடுத்ததை எல்லாம் மருந்தறிந்தவர்களிடம் கொடுத்தார். விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. கூட்டம் கூடியதாகச் சொல்லப்பட்ட இடத்தைப் பற்றி ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரித்தார். வாக்குமூலங்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. சூனியத்தைப் பற்றி ஊரில் பேசவும் எழுதவும் தொடங்கிய பிறகே அங்கே சூனியக்காரர்கள் தோன்றினார்கள் என்று மேலிடத்திற்கு எழுதினார். 1614இல் மேலிடம் அதை ஏற்றுப் புதிய விதிகளை வகுத்தது.

செய்யாத குற்றத்தை 1,802 பேர் எப்படி ஒப்புக்கொள்வார்கள்? படித்தபோது இது நமக்கு விளங்கவேயில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை என்று தள்ள வேண்டாம். நம் நாட்டில் ஜார்க்கண்டு மாநிலம் 2001இல் இதற்கென்றே தனிச்சட்டம் கொண்டுவர நேர்ந்தது. சூனியக்காரி என்று தம் ஊராரால் அடித்து அவமானப்படுத்தப்பட்ட சுட்னி மகதோ என்ற பெண்மணி, அதே பழிக்கு ஆளான மற்றப் பெண்களுக்கு அடைக்கலம் கொடுத்து, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். நம் பக்கத்தில் அடித்துக் கொல்லும் அளவுக்குப் போவது அபூர்வம்தான். நாம் வேறு மாதிரி. சிரித்துக்கொண்டே அவர்கள் வீட்டுத் தண்ணீரைக் குடிக்காமல் வந்துவிடுவோம்.

இனி நம் சொந்தக் கதைக்கு வருகிறோம். ஊர் பெயர் வேண்டாம்.

குருப்பட்டம் பெற்ற மூன்றாம் ஆண்டில், முதன்முதலாகத் தனிப் பங்கு கிடைத்தது. வானம் பார்த்த பூமி. அங்கே ஒரு குடும்பத்தில் மூத்த பிள்ளை சுகமாய்ப் பிறந்தது. இரண்டாவது செத்துப் பிறந்தது. மூன்றாவது பிறந்த இரண்டாம் நாள் உடலெல்லாம் மஞ்சள் பூத்து இறந்தது. நாமே அடக்கம் செய்தோம். அந்தப் பெண்ணின் ஓரகத்தி ஒருத்தி, கணவனை இழந்தவள், பிள்ளையில்லாதவள், அதே வளவில் தனிக் குடிசையில் இருந்தாள். பள்ளிக்கூட வாசலில் பணியாரம் விற்றுப் பிழைத்து வந்தாள். மூத்த பிள்ளை பிறந்தபோது அவள் கணவன் உயிரோடு இருந்தான்; அவன் இறந்த பிறகே இந்தச் சாவுகள். ஊருக்கு இந்தக் கணக்குப் போதாதா?

வெளியூரிலிருந்து மந்திரவாதியை அழைத்து வந்தார்கள். தொழுவத்து ஓரத்தில் தோண்டிச் செப்புத் தகடு ஒன்றை எடுத்தான். உடனே நமக்கு ஆள் வந்தது: "சாமி வந்து தீர்த்தம் தெளிக்கணும்." போகாமல் இருந்திருக்க வேண்டும். போனோம். ஐந்து வருடமாய்ப் புதைந்து கிடந்தது என்றான். நாம் பார்த்தோம், தகடு பளபளவென்று இருந்தது. புளி போட்டுத் துலக்காத செப்புக் குடத்தில் பத்தே நாளில் களிம்பு ஏறுகிறது. சாணித் தண்ணீர் ஊறும் மண்ணில் ஐந்து வருடம் கிடந்த தகட்டில் ஒரு பொட்டுப் பச்சை இல்லை. அது நம் கண்ணில் பட்டது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. கூட்டத்திற்கு அஞ்சினோம் என்பது பாதிதான். மீதியையும் சொல்லிவிடுகிறோம்: அன்றிரவு விளக்கை அணைக்காமல், ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு படுத்தோம். இறையியல் படித்துப் பட்டம் வாங்கியவர் நாம்!

"ஒரே வளவில் உலை வைக்கிறவள்" என்று மட்டும் மந்திரவாதி சொன்னான். பெயர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. மறுநாள் முதல் பணியாரம் விற்கவில்லை. கோவிலில் அவள் உட்கார்ந்த பாயில் வேறு யாரும் உட்காரவில்லை. சாமியாரே வந்து மந்திரித்த பிறகு அதில் சந்தேகம் ஏது? ஆறு மாதத்தில் குடிசையைப் பூட்டிக்கொண்டு தமையன் ஊருக்குப் போய்விட்டாள்.

இரண்டு வருடம் கழித்து அந்த வீட்டில் மீண்டும் கர்ப்பம். இம்முறை நகரத்து மருத்துவமனையில் இரத்தம் சோதித்தார்கள். தாய்க்கு ஆர்.எச். நெகட்டிவ், தகப்பனுக்குப் பாசிட்டிவ். இந்த வகையில் முதல் பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும். அந்தப் பிரசவத்தில் பிள்ளையின் இரத்தம் தாயின் இரத்தத்தில் கலந்து, அதற்கு எதிரான சக்தி அவள் உடலில் உருவாகிவிடும். அடுத்தடுத்த பிள்ளைகளின் இரத்தத்தை அது அழிக்கும். முதல் பிரசவம் ஆன 72 மணி நேரத்திற்குள் ஓர் ஊசி போட்டிருந்தால் அந்த இரண்டு பிள்ளைகளும் இன்று உயிரோடிருக்க வாய்ப்புண்டு. வயதுப் பெண்களை வைத்திருப்போர் இதை மனதில் வையுங்கள். நான்காவது பிள்ளைக்கு இரத்தம் மாற்றிப் பிழைக்க வைத்தார்கள். இன்று அவன் வாலிபன்.

செய்தி கேட்டதும் அந்த அம்மாளைத் தேடிப் போனோம். தமையன் வீட்டுத் திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். இரத்தத்தின் விவரமெல்லாம் சொல்லி, மன்னிப்புக் கேட்டோம். நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "தகட்டைப் பாத்ததும் எனக்கே சந்தேகம் வந்துருச்சு சாமி. எனக்குத்தான் புள்ள இல்லையே, என் ஏக்கமே போயி அதுகளக் கொன்னுருச்சோன்னு. இத்தனை நாளா அதைத்தான் பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டு வாரேன்."

சலசார் கண்ட அந்த 1,802 பேரையும் அன்றுதான் நாம் புரிந்துகொண்டோம்.

அவள் கேட்டது ஒன்றுதான்: "இதைக் கோவில்ல வச்சுச் சொல்லுங்க சாமி." அதற்குள் நாம் வேறு பங்கிற்கு மாறிவிட்டோம். அங்கிருந்த பங்குத் தந்தையிடம் அனுமதி பெற்று, ஒரு ஞாயிறு பூசையில் பீடத்தண்டை நின்று எல்லாவற்றையும், தகட்டில் களிம்பு இல்லாததையும் சேர்த்துச் சொன்னோம். சிலர் அழுதார்கள். சிலருக்குக் கோபம். அவள் ஊர் திரும்பவில்லை.

ஆகையால் பங்கு மக்களே, நமது நடைமுறையை இந்த யூபிலி நாளில் தெரிவித்துவிடுகிறோம். வீடு மந்திரிக்க எப்போதும் வருவோம். நோயாளிமேல் கைவைத்து ஜெபிக்கவும் வருவோம். தகடு தோண்டிய இடத்திற்கு வரமாட்டோம். பேயோட்டும் சடங்கைப் பொறுத்தவரை, ஆயரின் வெளிப்படையான அனுமதியின்றி எந்தக் குருவும் அதைச் செய்யலாகாது என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1172ஆம் எண் விதிக்கிறது. எனவே அதற்காக நம்மை வற்புறுத்த வேண்டாம். புத்தி தடுமாறியவர்களைக் கட்டிப் போடவும் வேண்டாம். 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

யார் செய்தது என்ற பெயரோடு நம்மிடம் வராதீர்கள். அதைக் கேட்க நமக்கு இனிக் காது இல்லை. என்ன நோய் என்பதோடு வாருங்கள். செவ்வாய்க்கிழமை நவநாள் முடிந்து ஒன்பது மணி வரை அறையில்தான் இருப்போம். வரும்போது மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டையும் கையோடு எடுத்து வாருங்கள்.