வயது வரம்பும் இளந்தாயும்



ஏழைத் தாய்மார்கள் மருத்துவமனையில் பிரசவிப்பதற்காக, 2005-இல் மத்திய அரசு ஜனனி சுரக்ஷா யோஜனா என்னும் உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. தமிழகத்தில் அத்தொகையைப் பெற 19 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது விதி. இளவயது மணத்தை ஊக்குவிக்கலாகாது என்பதே அதற்குச் சொல்லப்படும் நியாயம். ஆனால், மணம் முடித்துவைத்த பெரியவர்கள் அவ்விதியால் எதையும் இழக்கவில்லை. பதினேழு வயதில் பிரசவ வலியோடு வந்த பிள்ளையே இழந்தாள். உடல் முதிராத அவளுக்கன்றோ ஆபத்து அதிகம்! 2013-இல் அவ்விதி நீக்கப்பட்டது.

வயதுச் சான்றைக் காணாமல் நிகாஹ் தஃப்தரைத் திறக்க வேண்டாம் என நிர்வாகத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே கருவுற்றிருக்கும் இளம்பெண்களை, ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி வீட்டுக்குள் மறைத்துவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள்.