கண்டெடுத்த பொருளும் கடன் வாங்கிய முகமும்



மரத்தாற் செய்த யானையைப் பார்க்கும் குழந்தை யானையைக் காண்கிறது. தச்சன் மரத்தைக் காண்கிறான். பொருள் ஒன்றே, காணும் கண்கள்தாம் வேறு. அப்படியானால் கலை என்பது எங்கே இருக்கிறது? பொருளிலா, செய்த கையிலா, கண்ட கருத்திலா? இருபதாம் நூற்றாண்டின் கலைஞர் சிலர் இந்தக் கேள்வியை மிகத் துணிவோடு எழுப்பினார்கள். மாணவ நண்பர்கள் அவர்களை அறிந்துகொள்வது நலம்.

1942ஆம் ஆண்டில் பாரிஸ் நகரம் ஜெர்மானியப் படையின் பிடியில் இருந்தது. அங்கே வாழ்ந்த பிக்காஸோ, பழைய பொருள்களின் குவியலில் மிதிவண்டியின் இருக்கை ஒன்றையும் கைப்பிடி ஒன்றையும் கண்டார். இருக்கையை நிமிர்த்தி, அதன்மேல் கைப்பிடியைப் பொருத்தினார். அவ்வளவுதான், கொம்பு விரித்த காளையின் தலை தோன்றிவிட்டது! அவர் எதையும் செதுக்கவில்லை. இரண்டு பொருள்களுக்கு இடையே பிறர் காணாத உறவைக் கண்டார்.

மார்செல் த்யூஷான் என்னும் பிரெஞ்சுக் கலைஞர் இதற்கு முன்பே இன்னும் தொலைவு சென்றுவிட்டார். 1917இல் நியூயார்க்கில் ஒரு கலைக் கண்காட்சி நடைபெற்றது. ஆறு டாலர் கட்டணம் செலுத்தும் எவருடைய படைப்பையும் ஏற்போம் என்பது அதை நடத்திய சங்கத்தின் விதி. த்யூஷான் கடையில் விற்கும் பீங்கான் சிறுநீர்க் கலம் ஒன்றைக் கிடத்தி, 'ஆர். மட்' என்னும் புனைபெயரில் ஒப்பமிட்டு, 'நீரூற்று' என்று பெயர் சூட்டி அனுப்பினார். சங்கம் அதைக் காட்சிக்கு வைக்க மறுத்தது. ஒரு பீங்கான் கலம் சங்கத்தின் விதியையே சோதித்துவிட்டது! மூலப்பொருள் பின்னர்த் தொலைந்துபோயிற்று; ஆனால் அது எழுப்பிய கேள்வி தொலையவில்லை. கைவினையைவிடக் கருத்தையே முதன்மையாகக் கொள்ளும் 'கருத்தியல் கலை' 1960களில் கிளைத்ததற்கு அதுவும் ஒரு வித்தாகும்.

பொருளைக் கண்டெடுக்கலாம், பிறர் முகத்தைக் கண்டெடுக்க முடியுமோ? முடியும் என்று காட்டினார் ஜப்பானியக் கலைஞர் யசுமாசா மொரிமுரா. 1951இல் ஒசாகாவில் பிறந்தவர் அவர்.

1888ஆம் ஆண்டு இறுதியில் தம் செவியை வெட்டிக்கொண்ட வான்கோ, 1889 சனவரியில் கட்டுப் போட்ட முகத்துடன் இரண்டு தன்னுருவ ஓவியங்களைத் தீட்டினார். வெட்டுண்டது இடச்செவி, ஓவியத்திலோ கட்டு வலப்புறச் செவியில் இருக்கிறது. கண்ணாடியைப் பார்த்துத் தீட்டியதே காரணம். அவ்வோவியங்களுள் ஒன்றில், அவருக்குப் பின்னே சுவரில் ஜப்பானிய அச்சோவியம் ஒன்று காணப்படுகிறது. அத்தகைய ஓவியங்களை வான்கோ பெரிதும் விரும்பிச் சேர்த்தவர்.

96 ஆண்டுகளுக்குப் பின், 1985இல், மொரிமுரா அந்தக் கண்ணாடிக்குள் தாமே புகுந்தார். கட்டும் தொப்பியும் புகைக்குழாயும் பூண்டு, தூரிகைத் தடம் போலத் தம்மீது வண்ணம் தீட்டி, புகைப்படக் கருவியின் முன் அமர்ந்தார். வான்கோ ஜப்பானை நோக்கினார். ஜப்பானியர் ஒருவர் வான்கோவின் முகத்திலிருந்து நம்மை நோக்குகிறார்! பின்னர் ரெம்பிராண்டாகவும் பிரீடா காலோவாகவும் அவர் உருமாறினார்.

இது வெறும் மாறுவேடமா? அன்று. மேலைநாட்டு ஓவியங்களைக் கண்டு கலை பயின்ற கீழைநாட்டு இளைஞன், "இந்த வரலாற்றில் என் இடம் எது?" என்று கேட்கும் கேள்வி அது. பிறர் எழுதிய நூல்களைக் கற்கும் ஒவ்வொரு மாணவரும் என்றேனும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் அதுவே.

"இதை நானும் செய்வேனே!" என்று உங்களுள் சிலர் கூறலாம். செய்யலாம்தான். ஆயினும், கிடைத்ததையெல்லாம் எடுத்து வைத்தால் அது கலையாகாது; பெரியோர் முகத்தை அணிந்தவரெல்லாம் கலைஞரும் ஆகார். அந்தச் செயலுக்குப் பின், பழகிய பொருள் நமக்குப் புதிதாகத் தெரிகிறதா? பழகிய முகம் நம்மைக் கேள்வி கேட்கிறதா? இவையே உரைகல். மிதிவண்டி இருக்கையில் ஒருமுறை காளையைக் கண்டவர், அதன்பின் அதை வெறும் இருக்கையாக மட்டும் காண்பது அரிது. கலைஞன் மாற்றியது பொருளையன்று, நம் கண்ணை.