சோர்வின்றி முறையாக



1917ஆம் ஆண்டு பரோடா சமஸ்தானப் பணியில் சேர்ந்த அண்ணல் அம்பேத்கருக்குச் சேவகர்கள் கோப்புகளைக் கையில் கொடாது வீசியெறிந்தனர்; தங்க இடமும் கிட்டவில்லை. அப்பணியை விட்டார், நம்பிக்கையை விட்டாரில்லை. பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் கற்பித்துப் பொருள் சேர்த்தார். 1920இல் இலண்டன் சென்று படிப்பைத் தொடர்ந்தார். 1942இல் வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை ஏற்றார்.

அலுவலகத்தில் இடர் நேர்ந்தால் நீங்களும் சோராதீர்கள். நடந்ததைத் தேதியிட்டு எழுதுங்கள், காரணத்தை ஆராயுங்கள், விதியைப் படியுங்கள், முறைப்படி விண்ணப்பியுங்கள், நகலைப் பாதுகாத்து வையுங்கள். ஆண்டுக்கணக்கில் மறுக்கப்பட்ட என் பணிமூப்பு இவ்வழியிலேயே சீராயிற்று. அந்நகல்கள் இன்றும் என்னிடம் உள்ளன. வேண்டுவோர் இல்லத்திற்கு வாருங்கள். விண்ணப்பம் எழுதும் முறையைச் சொல்லித் தருகிறேன்.